‘ஃபைன்’ என்ற ஒரு சொல்லை முழுதாகப் பழகுவது எப்படி

மலையகத்தில் ‘ஃபைன்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்காதவர் இல்லை. “ஹவ் ஆர் யூ?” என்று கேட்டால், மூன்றாம் ஆண்டுப் பிள்ளையும் “ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ” என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும். ஆனால் பலருக்கு அந்தச் சொல் அந்தப் பதிலோடு நின்றுபோகிறது. அதே பிள்ளை நாளைக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலைக்குச் சேர்ந்தால், கொழுந்தின் தரத்தை எழுதும் தாளில் இதே சொல் வரும். சுற்றுலா ஊரான எல்லவில் ஹோட்டல் வேலைக்குப் போனால், வெளிநாட்டு விருந்தாளி இதே சொல்லை வைத்து “வேண்டாம்” என்பார். வண்டி ஓட்டினால் பொலிஸ் எழுதிக் கொடுக்கும் தாளிலும், நகை வாங்கினால் தங்கத்தின் சுத்தம் பற்றிய பேச்சிலும் அதுவே நிற்கும்.

இத்தனை பொருளையும் வரிசையாக மனப்பாடம் பண்ணவேண்டாம். அந்தச் சொல் வசனத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கப் பழகினால் முக்கால்வாசிப் பொருள் தானாக வந்துவிடும். கீழே உள்ளதைப் படிப்படியாகச் செய்யுங்கள். ஒரு 80 பக்கக் கொப்பி, ஒரு பென்சில், நாளுக்குக் கால் மணி நேரம் இருந்தால் போதும்.

முதலில் வாயைச் சரிப்படுத்துவோம்

தமிழில் ‘ஃப’ என்ற ஒலி பிறப்பிலேயே கிடையாது. அதனால் நம்மில் பலர் ‘பைன்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது வேறு சொல். மலை உச்சிகளில் வரிசையாக நட்டிருக்கும் பைன் மரம். “ஐ ஆம் பைன்” என்றால் கேட்கிறவர் யோசித்துத்தான் புரிந்துகொள்வார்.

மேல் பல் கீழ் உதட்டை இலேசாகத் தொடவேண்டும். இரண்டு உதடும் ஒட்டவே கூடாது. பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவால் காற்றை மூன்று விநாடி நிறுத்தாமல் விடுங்கள். பிறகு அதே காற்றோடு ‘ஐன்’ என்று சேருங்கள். சரியா பிழையா என்று பார்க்க, ஒரு துண்டுத் தாளை வாய்க்கு முன்னால் பிடியுங்கள். ‘பைன்’ என்றால் தாள் ஒரு தடவை வெடுக்கென்று துள்ளும். ‘ஃபைன்’ என்றால் அப்படித் துள்ளாது. காற்று சீராகப் போவது தெரியும். ஒரு தடவைக்குப் பத்து முறை, காலையும் மாலையும் செய்தால் ஒரு வாரத்தில் உதடு பழகிவிடும்.

அடுத்த பிழை வால் பகுதியில். தமிழ் நாக்கு மெய்யெழுத்தில் நிற்கப் பிரியப்படாது. ‘ஃபைனு’ என்று ஒரு உகரத்தை ஒட்டிவிடும். நாக்கு நுனியை மேல் பல்லின் பின்புறத்தில் வைத்தபடியே ஒலியை முடியுங்கள். நாக்கை எடுத்த பிறகு குரல் வந்தால் அங்கேதான் ‘உ’ புகுந்துவிடுகிறது. ‘ஃபைண்ட்’ என்று டகரம் சேர்ந்தாலும் ஆபத்து. அது ‘கண்டுபிடி’ என்ற வினைச்சொல்.

இருக்கும் இடம்

இந்த இரண்டு வசனத்தையும் கொப்பியில் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

திஸ் இஸ் ஃபைன் டீ.
திஸ் டீ இஸ் ஃபைன்.

சொற்கள் ஒன்றேதான். முதலாவதில் ‘ஃபைன்’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிறது. அது பாராட்டு: ‘இது உயர்தரமான தேயிலை.’ இரண்டாவதில் ‘இஸ்’ என்பதற்குப் பின்னால் நிற்கிறது. அங்கே பாராட்டு வடிந்துபோய், ‘இந்தத் தேயிலை பரவாயில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை’ என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் “த ஃபூட் இஸ் ஃபைன்” என்று சொன்னால், மனதாரச் சமைத்தவருக்கு முகம் சுருங்கும். நம் நோக்கம் புகழ்வதாக இருக்கும், அவர் காதில் ‘சாப்பிடலாம்’ என்றுதான் விழும். அந்த இடத்தில் ‘வெரி குட்’, ‘டிலிஷஸ்’ என்று சொல்லுங்கள்.

ஆக, முன்னால் நின்றால் ‘ஃபைன்’ தரத்தையோ நுண்மையையோ அளக்கிறது. பின்னால் நின்றால் ‘சிக்கல் இல்லை’ என்று மட்டும் சொல்கிறது.

இதற்கு இரண்டு விலக்கு உண்டு. ஒன்று வானிலை: “இட் இஸ் ஃபைன் டுடே” என்றால், பின்னால் நின்றாலும், மழையில்லாத தெளிந்த நாள் என்றே பொருள். மற்றது பொடி, மணல், மாவு போன்றவை: “த பவுடர் இஸ் ஃபைன்” என்பது ‘பொடி நைஸாக இருக்கிறது’ என்றும் வரலாம், ‘பொடி பரவாயில்லை’ என்றும் வரலாம். ‘வெரி’ சேர்ந்து “வெரி ஃபைன்” என்றால் நைஸ்தான், சந்தேகமே வேண்டாம். ‘பரவாயில்லை’ என்ற பொருளில் வரும் ‘ஃபைன்’ ‘வெரி’யை ஏற்காது. “ஐ ஆம் வெரி ஃபைன்” என்பது காதுக்கு இடறுவது இதனால்தான். “ஐ ஆம் வெரி வெல்” என்று சொல்லுங்கள், அல்லது “ஐ ஆம் ஜஸ்ட் ஃபைன்” என்று சொல்லுங்கள்.

‘நல்ல’ என்ற சொல் காலை வாரும் இடம்

மலையகத் தமிழ்ப் பிள்ளைகள் இந்தச் சொல்லில் செய்கிற பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பள்ளியில் ‘ஃபைன் என்றால் நல்ல’ என்று எழுதிப் போடுவார்கள். தமிழில் ‘நல்ல’ என்பது தரத்தை மட்டும் சொல்வதில்லை, அளவையும் சொல்லும். ‘நல்ல மழை’ என்றால் ஓடை நிரம்பி வழியும் மழை. ‘நல்ல காய்ச்சல்’ என்றால் உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. ‘நல்ல அடி’ என்றால் எலும்பு முறிந்திருக்கலாம்.

இப்போது ‘நல்ல மழை’ என்பதை “ஃபைன் ரெயின்” என்று மாற்றிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘ஃபைன் ரெயின்’ என்றால் பொடிப்பொடியாக விழுகிற சாரல். வைகாசி, ஆனியில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் பனிமூட்டத்தோடு சேர்ந்து முகத்தில் ஒட்டுகிறதே, குடை பிடித்தாலும் நனைக்கிறதே, அந்தத் தூறல்தான். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்! கொழுந்து மலைக்கு ஆள் அனுப்பலாமா வேண்டாமா என்று கொழும்பிலிருந்து வந்த அதிகாரி கேட்கும்போது இப்படிப் பிழையாகச் சொன்னால் காரியமே மாறிப்போகும். கனத்த மழைக்கு ‘ஹெவி ரெயின்’, கடும் காய்ச்சலுக்கு ‘ஹை ஃபீவர்’, பலத்த அடிக்கு ‘பேட் இன்ஜரி’ என்று தனித்தனியே பழகுங்கள். ‘நல்ல’ என்பதை அளவாகப் பயன்படுத்துகிற இடம் எதற்கும் ‘ஃபைன்’ பொருந்தாது.

தலைகீழாக இன்னொரு பிழையும் உண்டு. நாம் ‘மாவை நைஸா அரைச்சிரு’ என்போம். அந்த ‘நைஸ்’ ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லானாலும், ஆங்கிலத்தில் ‘நைஸ் ஃப்ளவர்’ என்றால் மாவு நைஸ் என்று யாருக்கும் புரியாது. அங்கே ‘ஃபைன்’ என்பதுதான் சரியான சொல். மாவு, பொடி பற்றிப் பேசும்போது நம் தமிழ் ‘நைஸ்’ ஆங்கிலத்தில் ‘ஃபைன்’ என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொருளுக்கு நம்மிடம் அழகான பழைய சொல்லும் இருக்கிறது: ‘நுண்’. நுண்கலை என்பது ‘ஃபைன் ஆர்ட்ஸ்’. நுண்மணல் ‘ஃபைன் சேண்ட்’. இரண்டு விஷயத்துக்கு நடுவே நூலிழை வித்தியாசம் இருந்தால் ‘ஃபைன் டிஃபரன்ஸ்’. முன்னால் நிற்கும் ‘ஃபைன்’னைப் பார்த்தவுடன் முதலில் ‘நுண்’ணைப் போட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் ‘உயர்ந்த’ என்று போடுங்கள்.

எதிர்ச்சொல்லைத் தேடுங்கள்

பொருள் பிடிபடாத வசனம் வந்தால், ‘இதற்கு எதிராக இங்கே என்ன சொல்லைப் போடலாம்?’ என்று கேளுங்கள். அகராதியைத் திறப்பதைவிட இது வேகமானது. மணலுக்கும் கொழுந்துக்கும் எதிர் ‘கோர்ஸ்’, அதாவது பரும்படியானது. நூலுக்கு எதிர் ‘திக்’. மழைக்கு எதிர் ‘ஹெவி’. ஆளுக்கு எதிர் ‘இல்’ அல்லது ‘சிக்’. கைவேலைக்கு எதிர் ‘புவர்’. எதிர்ச்சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்று அர்த்தம். கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: இடப்பக்கம் வசனம், நடுவில் எதிர்ச்சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். நடுப்பத்தியை நிரப்பாமல் வலப்பத்திக்குப் போகாதீர்கள்.

கொழுந்துக் கூடையில் ஒரு பாடம்

‘ஃபைன்’, ‘கோர்ஸ்’ என்ற சோடியைப் படிக்க மலையகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை. ‘ஃபைன் பிளக்கிங்’ என்றால் ஒரு மொட்டும் அதற்கு அடுத்த ஒன்று அல்லது இரண்டு இளம் இலையும் சேர்த்துக் கிள்ளுவது. மூன்றாம், நான்காம் இலைவரை இறங்கினால் ‘கோர்ஸ் பிளக்கிங்’. இளந்தளிரில் தேநீருக்குச் சாயமும் சுவையும் கொடுக்கும் சத்து அதிகம். இலை முற்ற முற்ற நார் ஏறும், ரோலரில் சரியாகச் சுருளாது. ஒரு வாரத்தில் திரும்ப எடுக்கவேண்டிய மலைக்கு ஆள் குறைவால் இரண்டு வாரம் கழித்துப் போனால், கை எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொழுந்து ‘கோர்ஸ்’ ஆகித்தான் இருக்கும்.

கையில் செய்து பாருங்கள். நிறுவைக்கு வந்த கொழுந்தில் 100 கிராம் எடுத்து ஒரு சாக்கின் மேல் பரப்புங்கள். மொட்டோடு ஒன்று இரண்டு இலை உள்ளதை ஒரு பக்கம், முற்றலை மறுபக்கம் பிரித்து நிறுங்கள். ‘ஃபைன்’ பக்கம் 70 கிராம் என்றால் “செவன்ட்டி பெர்சென்ட் ஃபைன் லீஃப்” என்று சொல்லலாம். விரலால் தொட்டுப் பிரித்த சொல் மறக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேயிலைப் பையில் ‘பி.ஓ.பி.எஃப்.’ என்ற ரகக் குறியை அச்சடித்திருப்பதைப் பார்த்து, அந்த ‘எஃப்’ ‘ஃபைன்’தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது ‘ஃபேனிங்ஸ்’, அதாவது சலிக்கும்போது கீழே பிரிகிற சிறுதுகள் வகை. ‘எஃப்.பி.ஓ.பி.’ என்று முன்னால் வரும் ‘எஃப்’போ ‘ஃப்ளவரி’.

சமையலறையும் நகைக்கடையும்

வெங்காயச் சம்பலுக்கு வெங்காயத்தைப் பொடிப்பொடியாக அரிவது “ஃபைன்லி சாப்ட் ஆனியன்ஸ்”. இங்கே ‘லி’ சேர்கிறது. எப்படி அரிந்தது என்று வினையைச் சொல்வதால். ஆனால் ‘மெஷின் நன்றாக ஓடுகிறது’ என்பதற்கு “த மெஷின் வொர்க்ஸ் ஃபைன்” என்றுதான் வரும். “வொர்க்ஸ் ஃபைன்லி” என்று எழுதினால் பிழை. ‘ஃபைன்லி’ என்றால் பெரும்பாலும் பொடியாக, மெல்லியதாக, நுணுக்கமாக. ‘சிக்கலின்றி’ என்று சொல்ல வெறும் ‘ஃபைன்’ போதும். இதை ‘ஃபைனலி’, அதாவது ‘கடைசியாக’ என்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நடுவில் ஓர் ‘அ’ கேட்கும்.

தங்கத்தில் ‘ஃபைன் கோல்ட்’ என்பது கலப்பு நீக்கிய சுத்தத் தங்கம். நகையில் 916 என்று பொறித்திருந்தால், 1000 பங்கில் 916 பங்கு ‘ஃபைன் கோல்ட்’ என்று பொருள். 22 கரட் என்பதும் இதுவே. 22ஐ 24ஆல் பிரித்தால் அந்தக் கணக்கு வரும். 8 கிராம் பவுணில் உண்மைத் தங்கம் ஏறக்குறைய 7.33 கிராம். அடகு வைக்கும் முன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது, ஆங்கிலத்துக்காக இல்லாவிட்டாலும், வீட்டுக்கு நல்லது.

“ஐ ஆம் ஃபைன்” என்றால் வேண்டாம்

ஹோட்டலிலோ, வீட்டில் தங்கவைக்கும் இடத்திலோ வேலை செய்கிற தம்பி தங்கைகளுக்கு இது கட்டாயம் தெரியவேண்டும்.

“மோர் டீ, மேடம்?”
“ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ.”

அவர் சுகம் விசாரிப்புக்குப் பதில் சொல்லவில்லை. ‘எனக்குப் போதும்’ என்கிறார். சில பேர் கோப்பை மேல் உள்ளங்கையையும் வைப்பார்கள். ‘ஃபைன்’ காதில் விழுந்ததும் ‘நல்லது என்கிறாரே’ என்று ஊற்றிவிட்டால், அவர் சிரித்தபடி வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போவார். உணவோ, உதவியோ, பை தூக்குவதோ எதையாவது நீங்கள் கொடுக்க முன்வந்து, பதிலாக ‘ஐ ஆம் ஃபைன்’ வந்தால் அது மறுப்பு. “ஷுவர், மேடம்” என்று சொல்லி நகருங்கள்.

கேள்வி ‘சிக்ஸ் ஓ க்ளொக் ஓகேயா?’ என்பது போல இருந்து, “தட்ஸ் ஃபைன்” என்றோ “ஃபைன் வித் மீ” என்றோ வந்தால் அது சம்மதம். இரண்டையும் பிரிப்பது எழுவாய்: ‘ஐ’ என்றால் போதும், ‘தட்’ என்றால் சரி. யாராவது உங்களிடம் “சாரி” என்று சொன்னால், “இட்ஸ் ஃபைன்” என்பது நம்முடைய ‘பரவாயில்லைங்க’. குரல் சட்டென்று கீழே விழுந்து, ஒற்றைச் சொல்லாக “ஃபைன்.” என்று வந்தால், அவருக்கு மனதுக்குள் கோபம். அப்போது மேற்கொண்டு பேச்சை நீட்டவேண்டாம்.

டொக்டரிடம் இந்தச் சொல்லை எடுக்காதீர்கள்

தமிழ் தெரியாத டொக்டரிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டி வரும்போது, “ஹவ் ஆர் யூ?” என்று அவர் கேட்ட உடனே பழக்கதோஷத்தில் “ஐ ஆம் ஃபைன்” வந்துவிடுகிறது. மரியாதைக்காகச் சொல்கிறோம். அவரோ நோயாளிக்குத் தொந்தரவு இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். வலியோடு போனவர் அதைச் சொல்லாமலே திரும்பி வர இது ஒன்றே போதும்.

மூன்று வசனத்தை முன்கூட்டியே பாடமாக்குங்கள். “ஐ ஆம் நாட் வெல்.” “ஐ ஹேவ் பெயின் ஹியர்” என்று சொல்லி இடத்தைக் கையால் காட்டுங்கள். “சின்ஸ் த்ரீ டேஸ்” என்று நாம் சொல்வது வழக்கம், சரியானது “ஃபோர் த்ரீ டேஸ்.” உடம்பு தேறிய பிறகு வாயாரச் சொல்லலாம், “ஐ ஆம் ஃபைன் நௌ, டொக்டர்” என்று.

தண்டப்பணம் எப்படி இதே சொல்லானது

‘ஃபைன்’ பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும், அப்போது தண்டம். அடையாளம் எளிது. ‘அ’ அல்லது ‘த’ முன்னால் இருந்து, பின்னால் வேறு பெயர்ச்சொல் இல்லாமல் நின்றால் அது தண்டம்: “ஹீ பெய்ட் அ ஃபைன்.” ‘வாஸ் ஃபைண்ட்’ என்று வந்தால் தண்டம் போடப்பட்டது; ‘கண்டுபிடி’ என்ற ‘ஃபைண்ட்’ போலவே ஒலித்தாலும் இது வேறு சொல். “அ ஃபைன் டே” என்பதில் ‘டே’ ஒட்டியிருக்கிறது, அதனால் அது பழைய உரிச்சொல்லே.

இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. இலத்தீனில் ‘ஃபினிஸ்’ என்றால் முடிவு. வழக்கை முடிக்கக் கட்டிய பணம் தண்டமானது. குறைகளைக் கழித்துக் கழித்துக் கடைசிவரை கொண்டுபோன பொருள் உயர்ந்ததாகவும் நுண்ணியதாகவும் ஆனது. சுளகில் புடைத்து, அரிதட்டில் அரித்து, கடைசியில் தங்குகிற மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபினிஷ்’, ‘ஃபைனல்’ இரண்டும் அதே வீட்டுப் பிள்ளைகள்.

சொற்றொடரில் நான்கை மட்டும் இப்போதைக்குப் படித்தால் போதும். ‘ஃபைன் பிரின்ட்’ என்பது ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனை. லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுக்கிறவர்கள் அதைத்தான் முதலில் வாசிக்கவேண்டும். ‘கட்டிங் இட் ஃபைன்’ என்றால் ரயில் வருகிற நேரத்துக்கு ஹட்டன் ஸ்டேஷன் படியில் ஏறுவது போல, கடைசி நிமிடத்தில் காரியம் பார்ப்பது. ‘ஃபைன் டியூன்’ சிறு திருத்தங்கள் செய்து பக்குவமாக்குவது. ‘ஒன் ஃபைன் டே’ என்பது கதையில் வரும் ‘ஒரு நாள்’. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டு வாரப் பயிற்சி

முதல் இரண்டு நாள் தாளை வைத்து ஒலி மட்டும். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை, தினமும் ஐந்து வசனத்தை ‘ஃபைன்’ முன்னால் வருமாறும், அதே ஐந்தைப் பின்னால் வருமாறும் எழுதி, சத்தமாக வாசியுங்கள். அடுத்த நான்கு நாள் சொந்தமாக எழுதவேண்டாம். சீமெந்துப் பை, மருந்துப் பெட்டி, தேயிலைப் பை, பத்திரிகை என்று கிடைத்ததில் சொல்லைத் தேடி மூன்று பத்தியில் நிரப்புங்கள். நாளுக்கு இரண்டு கிடைத்தாலே போதும். கடைசி நான்கு நாள் இன்னொருவரோடு பேசுங்கள். ஒருவர் தேநீர் நீட்ட, மற்றவர் மறுக்க. ஒருவர் நேரம் கேட்க, மற்றவர் சம்மதிக்க. எழுத்தில் சரியாக இருப்பவர்கூட வாயில் தடுமாறுவார். அதனால் இந்தக் கடைசி நான்கு நாளை விட்டுவிடாதீர்கள்.

முடிந்ததும், விடையைக் கையால் மறைத்துக்கொண்டு இவற்றைப் பாருங்கள்.

“வீ ஹேட் ஃபைன் ரெயின் ஆல் மோர்னிங்.” காலை முழுக்கச் சாரல்.
“த ரோட் இஸ் ஃபைன் நௌ.” பாதையில் இப்போது சிக்கல் இல்லை, மண்சரிவை அகற்றியிருக்கலாம், பாதை அழகாக இருக்கிறது என்று பொருளில்லை.
“யூஸ் அ ஃபைன் சீவ்.” கண் நெருக்கமான அரிதட்டை எடு.
“த ஃபைன் இஸ் டூ தவுசன்ட் ருபீஸ்.” தண்டம் 2000 ரூபாய்.
“நோ மோர் ரைஸ், ஐ ஆம் ஃபைன்.” சோறு போதும்ங்க.